நடுமார்புப் புற்றுநோய்: சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து

நடுமார்புப் புற்றுநோய் என்பது ஒரே நோயின் பெயர் அன்று. ஓர் இடத்தை வைத்துப் பல நோய்களுக்கு வழங்கும் பொதுப்பெயர். அந்த இடத்துக்கு இருபுறமும் நுரையீரல்கள், முன்னே மார்பெலும்பு, பின்னே முதுகெலும்பு, மேலே கழுத்தடி, கீழே உதரவிதானம். அதற்குள் இதயம், பெருந்தமனி, தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் இரத்தத்தை இறக்கிக்கொண்டுவரும் மேற்பெருஞ்சிரை, மூச்சுக்குழாய், உணவுக்குழாய், தைமஸ் சுரப்பி, நிணநீர் நாளம், நிணநீர்க் கணுக்கள், குரலையும் உதரவிதானத்தையும் இயக்கும் நரம்புகள் யாவும் நெருங்கிக் கிடக்கின்றன. ஸ்கேன் அறிக்கைகளில் இது ‘மீடியாஸ்டினம்’ என்று வரும். இங்கேயே பிறந்த புற்றும், நுரையீரல், மார்பகம் போன்ற வேறிடத்திலிருந்து வந்து தங்கிய புற்றும் இப்பெயருக்குள் அடங்கும்.

இங்கே தோன்றும் கட்டிகள் எல்லாம் புற்று அல்ல. பெரியவர்களிடம் காணப்படுவனவற்றில் பாதிக்கும் மேல் தீங்கற்றவை. நீர்க்கட்டி, கழுத்திலிருந்து மார்பெலும்புக்குப் பின்னால் இறங்கிய தைராய்டு வீக்கம், நரம்புறைக் கட்டி, காசநோயால் வீங்கிய கணு ஆகியவை அவற்றுள் சில. பெருந்தமனி புடைத்து வீங்கியதுகூட எக்ஸ்ரேயில் கட்டிபோலத் தெரியும். குழந்தைகளிடம் மட்டும் புற்றின் பங்கு கூடுதல்.

சேலம், நாமக்கல் பகுதியில் இதைப் பற்றிப் பேசும்போது காசநோயை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. ‘நெஞ்சுக்குள்ள நெறிகட்டியிருக்கு’ என்று ஒரு குடும்பத்துக்குச் சொல்லப்பட்டால், அந்த நெறிக்கட்டி டி.பி.யா, புற்றா என்ற கேள்விக்குச் சரியான விடை கிடைத்ததா, எப்போது கிடைத்தது என்பதே பெரும்பாலும் உயிர் பிழைப்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டுமே குணமாகக்கூடிய நோய்கள். ஒன்றின் மருந்தால் மற்றொன்று குணமாகாது. இக்கட்டுரையில் அந்தக் கேள்விக்கே அதிக இடம் தரப்பட்டிருக்கிறது.

எந்தப் பகுதியில் எது

மருத்துவர்கள் நடுமார்பை முன், நடு, பின் என மூன்றாகப் பிரிப்பார்கள். கட்டி எதுவாக இருக்கும் என்பதை அது கிடக்கும் இடமே பாதி சொல்லிவிடும்.

மார்பெலும்புக்கும் இதயத்துக்கும் இடையிலுள்ள முன்பகுதியில்தான் பெரியவர்களின் கட்டிகள் மிகுதி. தைமஸ் கட்டி, நிணநீர்ப் புற்று, இனப்பெருக்க உயிரணுக் கட்டி, கீழிறங்கிய தைராய்டு ஆகிய நான்கும் இங்கே முதலில் நினைக்கவேண்டியவை. மூச்சுக்குழாயைச் சுற்றிய நடுப்பகுதி நிணநீர்க் கணுக்களின் இடம். நுரையீரல் புற்று பரவி முதலில் தங்குவது இங்கே. காசநோய்க் கணுக்களும் இங்கேதான். முதுகெலும்பை ஒட்டிய பின்பகுதியில் வருபவை பெரும்பாலும் நரம்புசார் கட்டிகள். பெரியவர்களுக்கு வந்தால் அநேகமாகத் தீங்கற்ற நரம்புறைக் கட்டியாக இருக்கும். சிறு குழந்தைக்கு வந்தால் நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றா என்று பார்த்தே ஆகவேண்டும்.

உணவுக்குழாயும் இந்த இடத்தின் வழியாகவே இறங்குகிறது. மருத்துவ நூல்கள் அதன் புற்றைத் தனி நோயாகவே எழுதும். நோயாளியோ ‘நடுநெஞ்சுல அடைக்குது’ என்றுதான் சொல்வார். முதலில் களி இறங்காது, அப்புறம் சோறு, அப்புறம் கஞ்சி. புகையிலை போடுபவர், பீடி பிடிப்பவர், குடிப்பவர் ஆகியோருக்கு இந்த ஆபத்து அதிகம். வாயுத் தொல்லை என்று சோடா குடித்து மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது இந்த நோயில்தான். விழுங்குவதில் தடை இரண்டு வாரம் நீடித்தால் எண்டோஸ்கோப்பி செய்துவிடுவது நல்லது.

தைமஸ் கட்டி

தைமஸ் குழந்தைப் பருவத்துச் சுரப்பி. நோய் எதிர்க்கும் டி அணுக்கள் அங்கே பக்குவப்படுகின்றன. பருவ வயதுக்குப் பின் அது சுருங்கிக் கொழுப்பாக மாறிவிடும். எஞ்சிய திசுவிலிருந்து நடுவயதில் கட்டி உருவாவது உண்டு. பெரும்பாலும் 40 முதல் 60 வயதுக்குள். தைமோமா எனப்படும் இது மெதுவாக வளரும். தைமஸ் கார்சினோமா என்ற வகை அரிது, வேகமானது.

தைமோமா உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மயஸ்தீனியா கிரேவிஸ் என்ற தசைச்சோர்வு நோயும் இருக்கும். நரம்பின் கட்டளையைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தை உடலின் எதிர்ப்பொருட்களே தாக்குவதால் வரும் நோய் அது. காலையில் நன்றாக இருப்பவருக்கு மாலையில் இமை தொங்கும், பொருள் இரண்டாகத் தெரியும், சாப்பிடச் சாப்பிடத் தாடை சோரும், பேசப்பேசக் குரல் மூக்கில் போகும். இவர்கள் முதலில் போவது கண் மருத்துவரிடம். கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்தும் தீராத இமைத்தொங்கலுக்கு, விடை மார்பு ஸ்கேனில் இருக்கலாம் என்பது பொதுமக்களிடம் போய்ச் சேராத செய்தி. மயஸ்தீனியா உறுதியான எவருக்கும் மார்பை ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அவர்களில் 10 முதல் 15 விழுக்காட்டினருக்குத் தைமோமா இருக்கும்.

அமெரிக்க அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளாலாக் 1936ல் மயஸ்தீனியா கொண்ட ஓர் இளம்பெண்ணின் தைமஸ் கட்டியை அகற்றினார். அப்பெண் உடல் தேறியதை 1939ல் வெளியிட்டார். தைமஸ் அறுவை சிகிச்சை அதன்பின் வளர்ந்தது. கட்டி தன் உறைக்குள் அடங்கியிருக்கிறதா, சுற்றியுள்ள கொழுப்பை, நுரையீரலை, பெரிய இரத்தக்குழாய்களைப் பற்றிவிட்டதா என்று ஜப்பானிய மருத்துவர் மசாவோகா 1981ல் வகுத்த நிலைப்பாகுபாடு இன்றும் பயன்படுகிறது. உறைக்குள் இருக்கும் கட்டியை முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலோர் நெடுநாள் வாழ்கிறார்கள்.

நிணநீர்ப் புற்றும் உயிரணுக் கட்டியும்

இளம்வயதினரின் நடுமார்பில் பெரிய கட்டி என்றால் நிணநீர்ப் புற்று முன்வரிசையில் நிற்கும். 1832ல் தாமஸ் ஹாட்ஜ்கின் விவரித்த ஹாட்ஜ்கின் லிம்போமா அவற்றுள் ஒன்று. கல்லூரி வயதில் வரும். கழுத்தில் வலியில்லாத நெறிக்கட்டியாகத் தொடங்கி மார்புக்குள் பரந்து கிடக்கும். 20, 30 வயதுப் பெண்களிடம் மிகுதியாக வரும் நடுமார்பு பி-அணு லிம்போமா இன்னொன்று. பதின்வயதுப் பையன்களிடம் வரும் டி-அணு லிம்போபிளாஸ்டிக் லிம்போமா மிக வேகமானது. அதில் நாட்களே கணக்கு. பையனுக்குத் திடீரென்று மூச்சு வாங்கி, படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினால், ஆஸ்துமா என்று நெபுலைசர் வைத்துக்கொண்டிருக்காமல் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

இனப்பெருக்க உயிரணுக் கட்டிகள் விரையிலும் சூலகத்திலும் வருபவை. கருவளர்ச்சியில் அந்த அணுக்கள் இடம்பெயரும் வழியில் சில தங்கிப்போய் மார்பிலும் கட்டியாகலாம். முதிர்ந்த டெரடோமா தீங்கற்றது. அதற்குள் முடியும் பல்லும்கூட இருக்கும். செமினோமாவும், அதைவிடக் கடுமையான மற்ற வகைகளும் பெரும்பாலும் இளைஞர்களுக்கு வருகின்றன. இவற்றைக் கண்டுபிடிக்க ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி என்ற இரண்டு இரத்தப் பரிசோதனைகள் போதிய அளவு உதவும். மாவட்டத் தலைநகர்களின் ஆய்வுக்கூடங்களில் செய்யக்கூடியவை. முன்மார்பில் கட்டியுள்ள எந்த இளைஞனுக்கும் முதல் நாளே இவற்றை எடுப்பது செலவில் சிறியது, பயனில் மிகப் பெரியது.

அறிகுறிகள்

சிறிய கட்டி எதையும் காட்டாது. பாதிக்குப் பாதி வேறெதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில், வேலைக்கான உடல்தகுதிச் சோதனையில், அறுவைக்கு முந்திய பரிசோதனையில் தெரியவருபவை. வளர்ந்தபின் பக்கத்தில் இருப்பதை அழுத்தும். எதை அழுத்துகிறதோ அதற்கேற்ற தொல்லை வரும். மூச்சுக்குழாயை அழுத்தினால் இருமல், திணறல். இடப்பக்கக் குரல் நரம்பு பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மேலேறுவதால், அங்கே கட்டி வந்தால் குரல் கம்மும். மூன்று வாரம் தாண்டிய குரல் கம்மலுக்குத் தொண்டையை மட்டும் பார்த்தால் போதாது.

அவசரமான அறிகுறி மேற்பெருஞ்சிரை அடைப்பு. காலையில் எழுந்ததும் முகம் அதைத்திருக்கும். சட்டைக் காலர் இறுக்கும். குனிந்தால் தலைக்குள் பாரம் ஏறும். கழுத்துச் சிரைகள் புடைத்து, மேல்மார்பின் தோலில் நீல நிறமாகச் சிரைகள் கிளைத்துத் தெரியும். வில்லியம் ஹண்டர் 1757ல் முதன்முதலாக எழுதிவைத்த இந்த நிலைக்கு அவர் கண்ட காரணம் பெருந்தமனி வீக்கம். இன்றைய காரணங்களில் முதலிடம் நுரையீரல் புற்றுக்கும் நிணநீர்ப் புற்றுக்கும். கிராமத்தில் முக அதைப்புக்குச் சிறுநீரகத்தையும் இரத்தசோகையையும் நினைப்பது வழக்கம். கால் வீங்காமல் முகமும் கழுத்தும் கையும் மட்டும் அதைத்திருந்தால் மார்பைப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

காசநோயா, புற்றா

உலகில் காசநோய் வருவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர். ஆகவே மார்பில் கணு வீங்கியிருப்பதைக் கண்ட மருத்துவர் காசநோயை முதலில் நினைப்பதில் பிழையில்லை. பெரும்பாலும் அதுவே சரியாகவும் இருக்கும். காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெற்ற பெருந்துறை சானடோரியம் என்ற பெயர் இந்தப் பகுதி மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். 1956ல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நோயாளி சானடோரியத்தில் படுத்திருந்தாலும் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் குணம் ஒன்றுபோலவே இருப்பதை 1959ல் உலகத்துக்குக் காட்டியது. அந்த மையமே இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். காசநோயை மாத்திரையால் வெல்லலாம் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் வேரூன்றியதில் அந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு.

சிக்கல் நுரையீரல் காசநோயில் இல்லை, கணுக் காசநோயில் இருக்கிறது. நுரையீரலில் என்றால் சளியில் கிருமி தெரியும். மார்புக்குள் கணு மட்டும் வீங்கியிருந்தால் சளியே வராது. கிருமியைப் பார்க்காமல், எக்ஸ்ரேயையும் காய்ச்சலையும் இரத்தப் பரிசோதனையில் வரும் இ.எஸ்.ஆர். அளவையும் வைத்து ஊகிக்க வேண்டியிருக்கும். ஹாட்ஜ்கின் நோயும் மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக்குறைவு என்று அதே முகத்தோடுதான் வரும். இ.எஸ்.ஆர். இரண்டிலும் ஏறும். காசநோயைச் சோதிக்கக் கையில் போடும் மாண்டூ ஊசி, நோயே இல்லாத எத்தனையோ இந்தியர்களுக்குத் தடிக்கும். சாயமேற்றி எடுத்த சி.டி. ஸ்கேன் ஓரளவு பிரித்துக்காட்டும். காசநோய்க் கணுவின் நடுப்பகுதி அழுகி இருண்டும் ஓரம் வளையமாக ஒளிர்ந்தும் தெரியும். லிம்போமாக் கட்டி பெரும்பாலும் சீராக இருக்கும். பெரும்பாலும் என்ற சொல்லை இங்கே அழுத்தி வாசிக்க வேண்டும். படத்தை மட்டும் நம்பி ஆறு மாத மருந்தைத் தொடங்குவது ஆபத்து.

தொடங்கியபின் ஏமாறுவதற்கும் வழிகள் உண்டு. ஹாட்ஜ்கின் காய்ச்சல் சில வாரம் அடித்து, சில வாரம் தானாகவே விட்டுவிடும். அந்த இடைவெளியில் டி.பி. மருந்து தொடங்கியிருந்தால் ‘மருந்து கேட்குது’ என்று வீட்டாரும் மருத்துவரும் நிம்மதியடைவார்கள். இதயஉறையில் நீர் கோத்திருக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று ஸ்டீராய்டு சேர்த்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். நிணநீர்ப் புற்று ஸ்டீராய்டுக்குச் சில நாட்களிலேயே கரைந்து சுருங்கும். எக்ஸ்ரே தெளிவாகும். நோயாளி பசியெடுத்துச் சாப்பிடுவார். ஸ்டீராய்டை நிறுத்தியதும் கட்டி திரும்பும். அப்போது எடுக்கும் சதையில் உயிரணுக்கள் சிதைந்து, எந்த வகை என்று நோய்க்குறியியல் மருத்துவரால் சொல்ல முடியாமலும் போகலாம். உயிர் போகும் அவசரம் தவிர வேறெதற்காகவும், சதை எடுப்பதற்கு முன் ஸ்டீராய்டு கொடுக்கக் கூடாது என்பது பாடநூல் விதி. ஊர்ப்புறத்தில் இதை மீறுவது சகஜமாக நடக்கிறது. வெள்ளை நிறத்துச் சிறு மாத்திரை ஒன்றில் உடனே தெம்பு வருவதால் நோயாளிகளும் அதையே கேட்கிறார்கள்.

சதை எடுத்துப் பார்த்தபிறகும் கவனம் தேவை. ஹாட்ஜ்கின் கட்டியைச் சுற்றியும் செமினோமாவைச் சுற்றியும் உடல் காசநோயில் உண்டாக்குவதுபோன்ற கிரானுலோமாத் திரள்களை உண்டாக்கும். ஊசி அந்த ஓரத்தில் மட்டும் போய்வந்தால் அறிக்கையில் ‘கிரானுலோமா, காசநோயாக இருக்கலாம்’ என்றே வரும். ஆகவே எடுத்த சதையின் ஒரு பகுதியைச் சிபிநாட் எனப்படும் மரபணுச் சோதனைக்கும், ஒரு பகுதியைக் கிருமி வளர்ப்புக்கும் அனுப்ப வேண்டும். கிருமி உறுதியானால் நிம்மதி. உறுதியாகாமல் மருந்து தொடங்கியவருக்கு இரண்டு மாதத்தில் காய்ச்சலும் எடையும் சீராகாவிட்டால், அல்லது புதிய இடத்தில் கணு வந்தால், மறுபடி சதை எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்பது நோயாளியின் உரிமை. காசநோய்க் கணுவே மருந்து தொடங்கியபின் சிலருக்குப் பெரிதாகி அப்புறம் வற்றும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால்தான் கேள்வியை அளவு மட்டும் தீர்ப்பதில்லை, சதைதான் தீர்க்கிறது.

எதிர்ப்பக்கத்துத் தவறும் நடக்கும். காசநோய்க் கணுவைப் புற்று என்று பயந்து, நிலத்தை விற்கத் துணிந்த குடும்பத்துக்கு ஆறு மாத இலவச மாத்திரையே போதுமானதாக இருந்திருக்கும்.

தூசும் புகையும்

நடுமார்பிலேயே தோன்றும் தைமஸ் கட்டி, உயிரணுக் கட்டி ஆகியவற்றுக்குத் தொழிலோடும் பழக்கத்தோடும் தொடர்பு நிறுவப்படவில்லை. யார் செய்த தவறாலும் வருபவை அல்ல அவை. இதை நோயாளியின் வீட்டாருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நுரையீரலில் பிறந்து நடுமார்புக் கணுக்களில் தங்கும் புற்றின் கதை வேறு.

திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கிருந்து கிளம்பும் வண்டிகள் இந்தியாவின் எல்லா மூலைகளிலும் பாறையைத் துளைக்கின்றன. காற்றழுத்தத்தால் துளைக்கும்போது குழியிலிருந்து வெண்புகையாக எழும் தூசில் சிலிக்கா இருக்கிறது. கல்குவாரிகளிலும் ஜல்லி உடைக்கும் கிரஷர்களிலும் அதே தூசு. மூச்சில் போன சிலிக்காவை நுரையீரலின் நிணநீர் வடித்துக்கொண்டுவந்து சேர்க்கும் இடம் இந்த நடுமார்புக் கணுக்களே. அவை வீங்கித் தழும்பேறும். சிலருக்குக் கணுவின் ஓரத்தில் மட்டும் முட்டையோடுபோலச் சுண்ணாம்பு படிந்து எக்ஸ்ரேயில் தெரியும். அது புற்று அன்று. ஆனால் சிலிக்காசிஸ் உள்ளவருக்குக் காசநோய் ஆபத்து பல மடங்கு. சிலிக்காத் தூசு நுரையீரல் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997ல் முதல் தொகுதியில் வைத்தது. அதாவது ரிக் வண்டியில் பத்துப் பதினைந்து ஆண்டு வேலை பார்த்தவரின் மார்பு ஸ்கேனில் கணு வீக்கம் தெரிந்தால், தூசுக்கணு, காசநோய், புற்று மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம். இவர்கள் மருத்துவரிடம் ‘கூலி வேலை’ என்று சொல்லிவிட்டால் பாதித் தகவல் மறைந்துவிடும். என்ன வேலை, எத்தனை வருடம் என்று விவரமாகச் சொல்ல வேண்டும். துளையில் தண்ணீர் விட்டுத் தூசை அடக்குவதும், சரியான முகக்கவசமும் இந்தத் தொழிலில் கட்டாயமாக்கப்பட வேண்டியவை. துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது சிலிக்காவைத் தடுக்காது.

நாமக்கல் லாரிகளின் ஊர். டீசல் புகையை 2012ல் அதே முகமை அதே முதல் தொகுதிக்கு மாற்றியது. ஓட்டுநர்களிடம் பீடியும் சிகரெட்டும் புகையிலையும் கூடிவிடுகின்றன. இவற்றில் புகைபிடிப்பதே பெரிய காரணம். ஓட்டுநருக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. இருமல் ஆரம்பித்தது நாக்பூரில், ஊசி போட்டது இந்தூரில், மாத்திரை வாங்கியது விஜயவாடாவில் என்று சிகிச்சை சாலை நெடுகச் சிதறிக்கிடக்கும். ஒரே இடத்தில் ஒரே மருத்துவர் தொடர்ந்து பார்த்திருந்தால் முன்பே சந்தேகம் வந்திருக்கும். எடுத்த எக்ஸ்ரேக்களைத் தூக்கிப்போடாமல் வண்டியிலேயே வைத்திருப்பது பெரிய உதவி. பழைய படத்தோடு ஒப்பிட்டால், வளர்கிறதா, அப்படியே இருக்கிறதா என்பது ஒரே பார்வையில் தெரியும்.

பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளின் பஞ்சுத்தூசு மூச்சிரைப்பைத் தரும். நடுமார்புப் புற்றோடு அதற்குத் தொடர்பு காட்டப்படவில்லை.

சதைப் பரிசோதனை

‘கத்தி பட்டா பரவிடும், ஊசி குத்தினா கிளம்பிடும்’ என்ற பயம் இந்தப் பகுதியில் மிக ஆழமானது. இதனால் ஸ்கேன் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய் நாட்டு மருந்தில் மாதங்களைக் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். நிணநீர்ப் புற்றிலும் பரவிய நுரையீரல் புற்றிலும் ஊசியால் நோயின் போக்கு கெடுவதில்லை. ஊசி போடாமல் எந்த மருந்து என்று முடிவு செய்யவே இயலாது.

எளிய இடத்தில் தொடங்குவதே நல்ல மருத்துவம். மார்புக்குள் கணு உள்ளவருக்குக் கழுத்தெலும்புக்கு மேலும் ஒரு சிறு கணு இருக்கக்கூடும். அதை மரத்துப்போகச் செய்து முழுதாக எடுத்துவிடலாம். கழுத்தில் இல்லையென்றால் சி.டி. ஸ்கேன் பார்த்துக்கொண்டே தடித்த ஊசியால் சதைத்துண்டு எடுப்பார்கள். மூச்சுக்குழாய்க்குள் அல்ட்ராசவுண்ட் பொருத்திய குழாயை விட்டு அங்கிருந்தே கணுவுக்குள் ஊசி செலுத்தும் ஈபஸ் முறை, கழுத்தடியில் சிறு கீறல் போட்டுப் பார்க்கும் மீடியாஸ்டினோஸ்கோப்பி ஆகியவை பெரிய மையங்களில் உண்டு. இரண்டாவதை ஸ்வீடனின் எரிக் கார்லென்ஸ் 1959ல் வெளியிட்டார். மெல்லிய ஊசியில் வரும் சில உயிரணுக்கள் நுரையீரல் புற்றுக்குப் பலவேளை போதும். லிம்போமாவுக்குப் போதாது. வகையை நிர்ணயிக்கும் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரிச் சோதனைகளுக்குத் துண்டுச் சதை வேண்டும்.

சதை எடுத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்ற விதிக்கு முக்கியமான விலக்கு ஒன்று. நடுவயதினருக்கு, சிறிதாக, உறையோடு, தைமோமா என்றே தோன்றும் கட்டி இருந்து, அதை முழுதாக எடுத்துவிட முடியும் என்றால் ஊசி போடாமல் நேரே அறுவைக்கே போவார்கள். உறையைத் துளைத்தால் உயிரணுக்கள் மார்புறைக்குள் சிதறலாம் என்பது இங்கே நியாயமான கவலை. பெருந்தமனி வீக்கமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் ஊசிக்கு இடமில்லை. பெரிய முன்மார்புக் கட்டி உள்ளவரை, குறிப்பாகக் குழந்தையை, மல்லாக்கப் படுக்கவைத்து மயக்கமருந்து கொடுத்தால் மூச்சுக்குழாய் நசுங்கிவிடும் ஆபத்து உண்டு. இதற்கு அனுபவமுள்ள மயக்கவியல் குழு வேண்டும்.

சிகிச்சை

ஹாட்ஜ்கின் நோய்க்கு இத்தாலியின் ஜியானி பொனடோனா 1970களில் வகுத்த ஏபிவிடி என்ற நான்கு மருந்துக் கூட்டு இன்றும் அடிப்படை. அந்த நான்கில் ஒன்றான வின்பிளாஸ்டின் நம் வீட்டு முற்றத்திலும் இடுகாட்டு ஓரத்திலும் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்தது. ஜமைக்காவிலிருந்து 1952ல் தபாலில் வந்த இலைகளை வைத்துக் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் செய்த ஆய்வு 1958ல் அந்த மருந்தைத் தந்தது. சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று பார்க்கப்போய், வெள்ளணுக்கள் குறைவதைக் கண்டார்கள். தமிழ்நாட்டின் மானாவாரி நிலங்களில் இச்செடி வணிகப்பயிராகவும் விளைகிறது. செடியை அப்படியே அரைத்துக் குடிப்பது மருந்தாகாது. டன்கணக்கான இலையிலிருந்து கிராம்கணக்கில் பிரித்தெடுக்கப்படும் நஞ்சு அது. அளவு தவறினால் ஆளைக் கொல்லும்.

ஆரம்ப நிலை ஹாட்ஜ்கின் நோயில் பத்தில் எட்டு ஒன்பது பேர் குணமாகிறார்கள். பரவிய நிலையிலும் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். மற்ற லிம்போமாக்களுக்கு வேறு மருந்துக் கூட்டுகளும், ரிட்டுக்ஸிமாப் போன்ற எதிர்ப்பொருள் மருந்தும் உண்டு. உயிரணுக் கட்டிகளின் நிலையை மாற்றியது சிஸ்பிளாட்டின். 1974ல் அமெரிக்காவின் லாரன்ஸ் ஐன்ஹார்ன் விரைப்புற்றில் அதைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார். மார்பில் வரும் செமினோமாவில் இன்று பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். மற்ற வகைகளில் பாதிப்பேர்தான். கீமோ முடிந்தபின் எஞ்சும் கட்டியை அறுவையால் எடுப்பது அவற்றில் சிகிச்சையின் பகுதி. இளைஞர்களுக்கு இந்த மருந்துகள் பிள்ளைப்பேற்றைப் பாதிக்கலாம். கீமோ தொடங்கும் முன்பே விந்தணுவைச் சேமித்துவைக்கும் வசதியைக் கேட்டுப் பெறவேண்டும். கூச்சத்தால் இதை யாரும் பேசாமல் விட்டுவிடுகிறார்கள், பின்னால் வருந்துகிறார்கள்.

மக்கள் ‘கரண்ட் வைக்கிறது’ என்று சொல்லும் கதிர்வீச்சு, தைமோமாவிலும் லிம்போமாவிலும் தேவைக்கேற்பச் சேரும். உடலில் மின்சாரம் பாய்ச்சுவது அன்று அது, வலிக்காது. ஆனால் நடுமார்பில் இதயமும் நுரையீரலும் பக்கத்திலேயே இருப்பதால் அளவும் திசையும் மிகக் கவனமாகத் திட்டமிடப்பட வேண்டும்.

எங்கே, எப்படி

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986ல் தொடங்கியது. நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி, தமிழகத்தின் புதிய 11 கல்லூரிகளில் ஒன்றாக, 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. முதல் சந்தேகம் வந்ததும் போகவேண்டிய இடங்கள் இவை. மேற்சிகிச்சைக்கு இப்பகுதியினர் நெடுங்காலமாகக் காட்பாடிக்கு ரயிலேறி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கும், சென்னைக்குப் போய் அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கும் சென்றுவருகிறார்கள். தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ல் எழுந்தது அடையாறு நிலையம். மருத்துவர் வி. சாந்தா தம் வாழ்நாளை அதற்கே தந்தார். காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை 1969லிருந்து இயங்குகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். சில தனியார் மருத்துவமனைகளிலும் அது செல்லும். அட்டையில் பெயர் விடுபட்ட பிள்ளையின் பெயரை நோய் வரும்வரை காத்திராமல் சேர்த்துவைக்க வேண்டும்.

ஊர் விட்டு ஊர் போகும்போது அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போவது போதாது. சதைப் பரிசோதனை செய்த இடத்தில் கண்ணாடிச் சில்லுகளும், சதையைப் பதித்த மெழுகுக் கட்டிகளும் இருக்கும். கேட்டால் தருவார்கள். புதிய மருத்துவமனை அவற்றையே மறுபடி பார்த்து, தேவையான கூடுதல் சோதனைகளைச் செய்துகொள்ளும். இன்னொரு முறை ஊசி குத்தத் தேவையிருக்காது, இரண்டு மூன்று வாரமும் மிச்சமாகும். ஸ்கேன் படங்களையும் குறுந்தட்டோடு வாங்கிக்கொள்ள வேண்டும்.

சிகிச்சைக்குப் பின்

தைமோமா பத்து ஆண்டு கழித்தும் திரும்பக்கூடிய நோய். ஆகவே ஆண்டுதோறும் ஸ்கேன் நீண்டநாள் தொடரும். லிம்போமா திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பும். ஏபிவிடி கூட்டின் நான்கு மருந்துகளில் ஒன்றான பிளியோமைசினை எடுத்தவர்கள் பின்னாளில் எந்த அறுவைக்குப் போனாலும் மயக்கமருந்து கொடுப்பவரிடம் அதைச் சொல்ல வேண்டும். அவர்கள் பீடி, சிகரெட்டை இனி எப்போதும் தொடக் கூடாது. இள வயதில் மார்பில் கதிர்வீச்சு பெற்ற பெண்களுக்கு மார்பகப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அவர்கள் ஏறத்தாழ எட்டு ஆண்டு கழிந்ததிலிருந்து மார்பகப் பரிசோதனையைத் தொடங்க வேண்டும். கழுத்துப் பக்கம் கதிர் பட்டவர்களுக்குத் தைராய்டு சுரப்பு மெல்லக் குறையலாம். ஆண்டுக்கு ஒருமுறை இரத்தத்தில் டி.எஸ்.எச். பார்த்து, தைராய்டு சுரப்பு குறைந்திருந்தால் மாத்திரை எடுத்துக்கொண்டால் போதும்.